ஈரம் காயாத தொட்டி

மகள் தொட்டியைச் சாய்த்துத் தட்டினாள். ரப்பர் செடி மண்ணோடு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கூடவே சாக்கடை நாற்றமும்.

பால்கனியில் விரித்த செய்தித்தாளின் மேல் வேர்கள் கறுத்துக் கிடந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தாள். தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் விடுதிக்குக் கிளம்பும்போது அவள் கேட்டுக்கொண்டது இந்த ஒன்றைத்தான், செடி செத்துவிடக் கூடாது என்று. நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன்.

தினமும் காலையில், பல் துலக்கும் முன்பே ஒரு செம்பு ஊற்றினேன். இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தாகம்தான் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து ஊற்றினேன். மண்ணில் ஒரு விரலை விட்டுப் பார்க்கலாம் என்ற புத்தி இந்த மண்டைக்கு எட்டவில்லை.

ஞாயிறுதோறும் போனில் மட்டும் வாய் கூசாமல் சொல்லிவிடுவேன். செடி ஜம்மென்று இருக்கிறது, அம்மாவும் இங்கேதான் இருக்கிறாள், நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

"வேர் இவ்வளவு அழுகணும்னா ஒரு மாசமாவது ஆகியிருக்கும்பா."

கறுத்ததையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினாள். வெள்ளையாக நாலு வேர்தான் மிஞ்சியது. தொட்டியின் அடியில் அடைத்திருந்த ஓட்டையைக் குச்சியால் குத்தித் திறந்தாள். மணல் கலந்த காய்ந்த மண்ணைப் போட்டு நட்டாள். பிழைத்தாலும் பிழைக்கும் என்றாள்.

அப்புறம்தான் எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டாள். காலையில் ஒரு செம்பு, மிஞ்சினால் ஒன்றரை என்றேன்.

அந்தத் தண்ணீருக்கு வேர் இவ்வளவு அழுகாதே என்றாள்.

சமையலறை வாசலில் என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் தினமும் சாயங்காலம் ஒரு செம்பு ஊற்றினாளாம். அப்பா செடிப் பக்கமே போகமாட்டார் என்று நினைத்தாளாம். இதையெல்லாம் மகளைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு செய்தித்தாளில் கிடந்த கறுப்பு வேர்களைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையா? ஒரு மாசமாவா?"

நான் தரையில் சிந்திய மண்ணைக் கையால் கூட்டிக்கொண்டே இருந்தேன்.

நாற்பத்தோரு நாள் என்றாள் என் மனைவி.

என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.