ட்ரம்மில் நாலு மாங்காய்

அர்ச்சுனன் தன் மாமரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து, கோணிப்பையில் சுருட்டிக்கொண்டு, பொம்மிடியில் தருமபுரி பஸ் ஏறினார். அந்த ஜெயபிரியாவின் காலடியில் அதை விட்டெறிந்து, நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் திரும்புவதில்லை என்று இருந்தார்.

கொப்பு நிறைய இலை. பூவும் இல்லை, பிஞ்சும் இல்லை.

மரம் என்றால் பெரிய மரமில்லை. வாடகை வீட்டு மொட்டை மாடியில், பாதியாக அறுத்த நீல ட்ரம்மில் இடுப்புயரம் நிற்கும் குட்டை ரக மா. தருமபுரி ஜெயபிரியாவின் மாடித் தோட்ட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, அவர் மனைவி முனியம்மாள் ஆசைப்பட்டு வாங்கி வைத்தது. ‘தொட்டியிலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும்’ என்று அந்தப் பெண் ஒவ்வொரு வீடியோவிலும் சொல்வாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய மரத்தில் மாங்காய்கள் தொங்கும்.

முனியம்மாளைப் புற்றுநோய்க்குச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, மரம் அர்ச்சுனன் பொறுப்புக்கு வந்தது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். செடி கொடி பழக்கமில்லை. அதனால் வீடியோவில் சொன்னதை அப்படியே செய்தார். தை மாதம் தண்ணீரைக் குறைத்தார். புளித்த மோர் தெளித்தார். மீன் கரைசல் ஊற்றியதில் தெருப் பூனையெல்லாம் மாடியேறி, வீட்டுக்காரர் சத்தம் போட்டதுதான் மிச்சம்.

மாசியில் ஒரே ஒரு கொத்து பூத்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் பூவுக்குப் பூ தடவிவிட்டார். ஒரு வாரத்தில் அத்தனையும் உதிர்ந்து மண்ணில் கிடந்தது. அன்றைக்கு ஆத்திரத்தில் ட்ரம்மை ஓங்கி உதைத்து, கட்டைவிரல் நகம் பெயர்ந்தது.

பஸ் பாதி தூரம் வந்தபோது கைப்பேசி அடித்தது. முனியம்மாள்தான்.

“மாமா, நாளைக்கு என்னைய வூட்டுக்கு அனுப்பறாங்களாம். இனிமே கரண்ட் வெக்க வர வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு.” அவள் குரலில் அத்தனை சந்தோஷம்.

“நல்லதாப் போச்சு புள்ள.”

“காய் பெருசாயிருச்சா?”

அர்ச்சுனன் மடியிலிருந்த கோணிப்பையைப் பார்த்தார். “ஆயிருச்சு. நாலும் நல்லா இருக்கு.”

“பறிச்சுக் கிறிச்சுப் புடாதீங்க. நான் வந்து பாக்கணும்.”

“ம்” என்றார். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, இறங்கும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வீடியோவில் பின்னால் தெரியும் தண்ணீர் டேங்கை அடையாளம் சொல்லிக் கேட்டதில், தருமபுரியில் வீடு சுலபமாகக் கிடைத்தது. கதவைத் திறந்தவள் ஜெயபிரியாதான். வீடியோவில் இருக்கும் சிரிப்பு மட்டும் இல்லை.

“யாருங்க?”

“உன் வீடியோவப் பாத்துக் கெட்டவன்மா.” கொப்பை எடுத்து வாசலில் போட்டார். “மரம் வெச்சு மூணு வருசம். நீ சொன்னதுல ஒண்ணக்கூட விடலை. இதான் உன் கொத்துக் கொத்தா?”

“வெயில் பத்தலையோ என்னமோங்கண்ணா. தண்ணி அதிகமா விட்டிருந்தாலும்...”

“உன் மரத்தைக் காட்டு.”

“இப்ப வேண்டாங்கண்ணா. மருந்து அடிச்சிருக்கு.”

அவர் அதைக் கேட்க நிற்கவில்லை. வெளிப்புறப் படியில் விடுவிடுவென்று ஏறினார். “தொடாதீங்கண்ணா, தொடாதீங்க” என்றபடி அவள் பின்னால் ஓடி வந்தாள்.

மாடியில் அதே மாதிரி நீல ட்ரம். அதே உயரத்தில் மரம். ஆனால் கொப்புக்குக் கொப்பு மாங்காய். இவள் ட்ரம்மில் மட்டும் என்ன மண் இருக்கிறது என்று ஒரு காயைப் பிடித்துத் திருப்பினார்.

காய் கையோடு வந்தது. காம்பில் பச்சை நூல் தொங்கியது.

அடுத்த காயைப் பார்த்தார். அதன் காம்பிலும் நூல். அதற்கடுத்ததிலும்.

ஜெயபிரியா தலை நிமிரவில்லை. “என்னுதும் காய்க்கலீங்கண்ணா. நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். பாக்கறவங்க எல்லாம் காயைக் காட்டு, காயைக் காட்டுன்னு கேட்டாங்க. தோப்புல காம்போட வாங்கியாந்து கட்டினேன். இதை நம்பி இத்தனை பேரு மரம் வாங்குவாங்கன்னு நெனக்கலை.”

அர்ச்சுனன் கையிலிருந்த காயின் நூலை விரலால் உருட்டிப் பார்த்தார்.

அவள் பயந்து ஓரடி பின்வாங்கினாள். “நாளைக்கே உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ போட்டுடறேங்கண்ணா.”

“போடாத” என்றார் அவசரமாக. “அவ பாத்துருவா.”

“யாருங்கண்ணா?”

“எம் பொண்டாட்டி. நாளைக்கு வூட்டுக்கு வர்றா. இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, கூட்டிட்டுப் போயி வூட்டுல வெச்சுப் பாத்துக்கங்கன்னு டாக்டரு எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. அவ, நல்லாயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா.” காம்பிலிருந்து வடிந்த பாலைச் சட்டையில் துடைத்தார். “மரத்துல நாலு காய் புடிச்சிருக்குன்னு அவகிட்டச் சொல்லிட்டேன்.”

அர்ச்சுனன் காயையும் நூலையும் ஜெயபிரியாவிடம் நீட்டினார்.

“நூலு வெளிய தெரியாம எப்படிக் கட்டறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு ஆத்தா.”