ராணியின் சுண்டுவிரல்

"ஐய, ஊசி புடிக்கிற லட்சணத்தைப் பாரு! குழம்பு கிண்டுற மாதிரி இல்ல இருக்குது!" என்றாள் மேரி.

பட்டம்மாள் வீட்டு டெலிவிஷனில் சரித்திர நாடகம். தெருவுக்கே அந்த ஒரு பெட்டிதான் என்பதால், பக்கத்துத் தறிகள்கூடச் சத்தம் அடக்கியிருந்தன. திரையில் புள்ளி புள்ளியாகப் பனி கொட்ட, நிலா வெளிச்சத்தில் ராணி, போருக்குப் போன ராஜாவுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எந்த ராணி ஸ்வெட்டர் பின்னினா, அக்கா? ராஜா இன்னா ஊட்டிக்கா போயிருக்காரு?"

"சும்மா இரு மேரி. அவளே அழுதுக்கினு இருக்கிறா" என்றாள் பட்டம்மாள்.

மேரிக்குப் பேச உரிமை உண்டு. பதினைந்து வருஷமாக ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னுகிறவள். காஞ்சிபுரம் வெயிலில் கம்பளியோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று தெரு சிரிக்கும். அவள் முந்திக்கொண்டு சிரித்துவிடுவாள்.

இன்று மட்டும் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த கணவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். தேவசகாயம் தச்சர். இதே நாடகத்துக்கு அரண்மனை செட் போடப் போன வாரம் மெட்ராஸ் போனவர், இரண்டு நாள் என்று சொல்லி நான்கு நாள் தங்கிவிட்டு வந்தார். துவைக்க எடுத்த சட்டையில் சிவப்பாக நெயில் பாலிஷ். கேட்டால், "பெயிண்டுமா" என்றார். அன்றிலிருந்து முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. இந்தப் புழுக்கத்தில், தூங்கும்போதுகூட! கையில் எவள் பெயரைப் பச்சை குத்திக்கொண்டு வந்தாரோ?

திடீரென்று திரை நிறைய ராணியின் கைகள் மட்டும் தெரிந்தன. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நகப்பூச்சு கறுப்பாகத் தெரிந்தது. சிவப்பாகத்தான் இருக்கும் என்று மேரிக்குத் தெரியாதா?

"ராணி கை கொஞ்சம் முரட்டுக் கைதான்" என்றாள் பட்டம்மாள்.

தடுமாறிய ஊசிகள் இப்போது தண்ணீரில் நீந்துவதுபோல் போய் வந்தன. கண்ணி மேல் கண்ணியாகக் கம்பளி சொக்கிப்போய் வளர்ந்தது. அவளும் சொக்கித்தான் போனாள், அந்தச் சுண்டுவிரலைப் பார்க்கும்வரை.

நூல் அதில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஊசி குத்தி ஆள்காட்டி விரல் மடங்காமல் போனபின், மேரி தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. தினமும் எதிரில் உட்கார்ந்து, நூல் சிட்டத்தை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு, அதைப் பார்த்த ஒரே ஆள் தேவசகாயம்.

என் பின்னலைக்கூட அவளுக்குக் கொடுத்துவிட்டாரா?

மெல்ல நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, அந்த நெயில் பாலிஷ்காரிக்கு இதை யாரு சொல்லிக் குடுத்தது?"

"அந்தப் பொண்ணுக்கு ஊசியே புடிக்கத் தெரியல மேரி. அங்க யாருக்குமே தெரியல" என்று கிசுகிசுத்த தேவசகாயம், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டினார்.

முழங்கை வரை மழமழவென்று சிரைத்த கையில், முடி இப்போதுதான் முள்முள்ளாக எட்டிப் பார்த்தது.

"பின்னல்கூட வந்துடுச்சு, வளையல்தான் ஏற மாட்டேன்னுடுச்சு. பட்டம்மாகிட்ட சொல்லிடாதம்மா!"