எண் 61

அனுமதியில்லாமல் சுரங்கத்தைத் தோண்டியதிலிருந்து அதன் கழிவு கலந்து எங்கள் மேற்கு வர்ஜீனியா ஓடை ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிறது. செத்த ஓடைக்கு எதற்குத் தடை என்கிறான் சுரங்கக்காரன். உயிருள்ள ஒரு மீனின் படம் போதும், வேலையை நிறுத்திவிடலாம்.

"டெல்பர்ட், ஓடி வாய்யா. முழ நீளம் இருக்கு," என்றாள் என்னோடு மீன் கணக்கெடுக்கும் வெர்னா.

வலையில் உதடு கிழிந்த ட்ரவுட் மீன். முதுகில் நாங்கள் மாட்டும் அடையாள வில்லை, பாசி படிந்து. எண் 61.

"நாம அறுபதோட நிறுத்திட்டோமே," என்றேன். படமெடுப்பதற்குள் துள்ளி நழுவிவிட்டது.

அடுத்த வீச்சில் இன்னொரு ட்ரவுட். சாண் நீளம்தான். அதே இடத்தில் உதடு கிழிந்து, இன்னும் ரத்தம் கசிந்தது. முதுகில் வில்லை இல்லை.

அன்று காலை தபாலில் வந்திருந்த புது வில்லைகளின் உறையைப் பிரித்தேன். முதல் வில்லை 61.

"போட்டோ அப்புறம். முதல்ல அதை மாட்டு," என்றாள் வெர்னா. "இதுதான் அது. அவ்ளோ பெருசா வளரணும்ல."