சட்ட உறுப்பினர் தேவை

"இவரும் வரலேன்னா, எனக்கு இந்தக் குழுவே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவேன், ஃபிலிப்!" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பொரிந்து தள்ளினாள் ஜூடித் ரெனூஃப்.

"வருவாரும்மா. படியில ஏதோ சத்தம் கேக்குது பாரு," என்றார் ஃபிலிப் வைபர்ட். முறுக்கிப் பொரித்த 'வொண்டர்' பலகாரத்தை டீயில் நனைத்துக்கொண்டிருந்தவருக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அதுவே ஜூடித்துக்கு மேலும் எரிச்சலைக் கிளப்பியது.

நியமனக் குழு என்றால் இவர்கள் இரண்டு பேர்தான். வேலை செய்ய முடியாத நோயாளிகளின் உதவித்தொகையை நலத்துறை நிறுத்திவிட்டால், அவர்கள் முறையிட மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று அந்தச் சின்னத் தீவில் உண்டு. ஒரு டாக்டர், மாற்றுத்திறனாளிகளின் கஷ்டம் தெரிந்த ஒருவர், சட்டம் தெரிந்த ஒருவர் என மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் விசாரணை. சட்டக்காரரின் இடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் காலியானது. அதற்கு ஆள் பிடிக்க வேண்டியது இந்தக் குழுதான். கோடையில் உருளைக்கிழங்கு தோண்டி முடித்து, அது கப்பலேறியும் போய்விட்டது. இடம் மட்டும் அப்படியே கிடந்தது.

மீன் கடைக்குப் போனாலும் சர்ச்சுக்குப் போனாலும் ஜூடித்தை மடக்கி, "எங்க அப்பீலை எப்பம்மா எடுப்பாங்க?" என்று பிடுங்கி எடுத்தார்கள்.

தீவில் வக்கீலுக்கா பஞ்சம்? தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழ வேண்டும். ஆனால் இங்கே யாருக்கு யார் சொந்தமில்லை? முதலில் வந்தவர் தீர்ப்பாய டாக்டரின் மச்சான். அடுத்து வந்த அம்மாளின் கணவர்தான் நலத்துறையில் உதவித்தொகையை நிறுத்துகிற அதிகாரி. மூன்றாமவருக்கு எந்தச் சொந்தமும் இல்லை. ஆனால் விசாரணை நாளான வெள்ளிக்கிழமை படகுப் பந்தயத்தை விடமாட்டாராம்.

கதவு திறந்தது. நல்ல கோட்டு போட்ட ஓர் உயரமான மனிதர், நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"எட்வர்ட் கெரே. மன்னிக்கணும் மேடம், லிஃப்ட் ஓடலை. நின்னு நின்னு ஏறினேன்."

"பரவாயில்லை, உக்காருங்க."

லண்டனில் பல வருடம் வக்கீல். பிறந்த தீவுக்குத் திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஜூடித் நேராகத் தன் வயிற்றெரிச்சலான சொந்தபந்த விஷயத்துக்கு வந்தாள்.

"தீர்ப்பாய டாக்டரைத் தெரியுமா?"

"பார்த்ததே இல்லீங்க."

"நலத்துறையில சொந்தம், பந்தம்?"

"எனக்குச் சொந்தம்னு சொல்லிக்க யாருமே இல்லை."

"சொந்தக்காரங்க யாராவது அப்பீல் போட்டிருக்காங்களா?"

"சொந்தக்காரங்க யாரும் போடலை."

ஜூடித் மேசைக்கடியில் ஃபிலிப்பின் காலை மிதித்தாள். சட்டக் கேள்விகளுக்கு கெரே பதிலைப் புட்டுப் புட்டு வைத்தார். அப்பாடா, ஒருவழியாகக் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்த வேளையில் அவர் சட்டென்று எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நினைக்காதீங்க. முதுகெலும்புல கோளாறு. ரொம்ப நேரம் உக்கார முடியாது. நீங்க கேளுங்க."

கேட்டாள். அவர் நின்றபடி பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"மேடம், கீழ படுத்துக்கலாமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கம்பளத்தில் நீட்டிப் படுத்துவிட்டார். மீதிச் சட்டம் மேசைக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து வந்தது. ஃபிலிப் டீக்கோப்பையோடு எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"ஐயா, விசாரணை மூணு மணி நேரம் போகும். தரையில படுத்துக்கிட்டா தீர்ப்பு சொல்வீங்க?" என்றாள் ஜூடித்.

"மாத்திரை போட்டா கொஞ்ச நேரம் தாங்கும் மேடம். அப்புறம் தூக்கம் வந்துடும்."

அவ்வளவுதான், ஜூடித் வெடித்துவிட்டாள்.

"கடவுளே, என் தலையெழுத்தைப் பாரு! சட்டமும் முதுகும் இருக்கறவனுக்கு மச்சான் இருக்கான். மச்சான் இல்லாதவருக்கு முதுகு இல்லை! ஃபிலிப், நீங்க வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்!"

"எனக்கு மனசே வரலைம்மா. ஆனா இந்த உடம்பை வச்சுக்கிட்டு எப்படி?"

ஜூடித் பேனாவை மூடினாள். "மன்னிச்சுக்கோங்க மிஸ்டர் கெரே. இந்த வேலை மட்டுமில்லை, எந்த வேலையும் உங்களால முடியாது. கண்ணு இருக்கற யாரும் இதைச் சொல்லிடுவாங்க."

"நிஜமாவா மேடம்?" கெரேயின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "நலத்துறை டாக்டர் பார்த்துட்டு, எல்லா வேலையும் செய்யலாம்னு சொல்லி என் உதவித்தொகையை நிறுத்திட்டாரே! சரி, முடியுதான்னு பார்த்துடுவோம்னுதான் இதுக்கு மனு போட்டேன். முடிஞ்சிருந்தா எனக்கும் சந்தோஷம்தான். என் அப்பீலும் நிலுவையில கிடக்கு."

"அடப்பாவி மனுஷா! அதைத்தானே கேட்டோம்?" என்றார் ஃபிலிப்.

"சொந்தக்காரங்களைத்தான் சார் கேட்டீங்க. என்னைக் கேக்கலையே! மேடம், இப்ப சொன்னதைத் தீர்ப்பாயத்துல வந்து சொல்வீங்களா?"

ஜூடித்தின் கோபமெல்லாம் அந்த முகம் தெரியாத நலத்துறை டாக்டரின் மேல் திரும்பியது.

"நல்லா சொல்றேன்! இதோ, ஃபிலிப்பையும் இழுத்துட்டு வந்து சொல்ல வைக்கிறேன். உங்க விசாரணை என்னிக்கு?"

தரையிலிருந்து பதில் வந்தது.

"நீங்க ஒரு சட்ட உறுப்பினரைக் கண்டுபிடிக்கிற அன்னிக்கு."