பெட்டி பழகிவிட்டது

அவள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். அவள் புருஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்டின் மேல் முள்ளை இறக்கினான்.

அறை வாசலில் நின்ற அவள், அளவு நாடாவைக் கைக்குள் சுருட்டி மறைத்துக்கொண்டாள்.

இன்று தீர்ப்பு நாள். வித்தியாசம் தெரியவில்லை என்று அண்ணன் சொன்னால் ரெக்கார்டு பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் பரணுக்குப் போய்விடும். முன்னறை அவளுக்கு. கட்டிலடியில் முடங்கிக் கிடக்கும் தையல் மிஷின் ஜன்னலோரம் வந்துவிடும். வீராப்பில் இப்படிப் பந்தயம் கட்டியது புருஷன்தான்.

வம்பெல்லாம் அந்த ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரால் வந்தது. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. முள்ளிலிருந்து வரும் சன்னமான ஒலியைப் பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்குமாம்.

வாங்கிய அன்றே புருஷன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தான். அண்ணன் உதட்டைப் பிதுக்கிவிட்டான்.

பெட்டி புதுசு, இன்னும் பழகவில்லை, ஒரு மாதம் விடாமல் ஓடினால்தான் வாய் திறக்கும் என்று சாதித்தான் புருஷன். அன்றிலிருந்து வீட்டில் பாட்டு ஓயவில்லை. அவன் வேலைக்குப் போனதும் ரெக்கார்டைத் திருப்பிப் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது. பால் பொங்கினாலும் முதலில் ரெக்கார்டு, அப்புறம்தான் அடுப்பு. புது மருமகளாக வந்தபோது அவளை யாரும் இப்படித் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஒரு தைரியம்தான்.

பாட்டு முடிந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தான். கண் கலங்கியிருந்தது.

"மாப்ள, பாடறவர் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது!"

புருஷன் குதித்த குதியில் ஸ்பீக்கர் ஆடியது. அண்ணனைக் கட்டிக்கொண்டான். பெட்டியைத் தடவித் தடவி முத்தம் கொடுத்தான்.

அவள் கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. கூடப்பிறந்தவனே காலை வாரிவிட்டானே! "படுபாவி" என்று உதடு அசையாமல் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் சட்டென்று திரும்பினான்.

"யாரும்மா படுபாவி?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எது சொன்னாலும் இரண்டு தடவை கேட்கிறானே என்று, போன வாரம் அண்ணனைக் காது டாக்டரிடம் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனவள் அவள்தான். இரண்டு காதிலிருந்தும் டாக்டர் எடுத்துத் தட்டில் வைத்ததைப் பார்த்து நர்சே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் நிதானமாகக் குனிந்து நாடாவை எடுத்தாள். ஜன்னலோரம் போய் அளக்க ஆரம்பித்தாள்.