நெட்டை அழுத அழுகை

“இன்னைக்குக் காலையில அவன் போயிட்டான்னு என்னால நம்பவே முடியல...” நெட்டையின் குரல் உடைந்தது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

முப்பத்தைந்து வருடம் டிவியில் ஊரைச் சிரிக்க வைத்த முகம் அது. நெட்டை அறைவார், உருண்டை விழுவார். அந்த ஜோடிக்காகவே சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்த வீடுகள் எத்தனையோ.

“கட்!” என்றார் கேமராமேன்.

குழாயை மூடியதுபோல் கண்ணீர் நின்றது. “கேமராவுல என் இடது பக்கம் விழுந்துச்சா? எனக்கு இடது பக்கம்தான் எடுப்பு.”

“சூப்பர் சார். ஆனா ‘இன்னைக்குக் காலையில’ன்னு சொல்லிட்டீங்க. நாள், நேரம் எதுவும் வேண்டாம்” என்றாள் சேனலிலிருந்து வந்த நிருபர். “அவரோட நடிப்பைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

“நடிப்பா? அறைஞ்சவன் நான். விழுறதெல்லாம் நடிப்புன்னா, பாத்ரூம்ல வழுக்கி விழுறவனுக்கெல்லாம் விருது கொடுக்கணும்.”

கேமராமேன் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி சரி, ஓட விடு” என்ற நெட்டை, உதட்டைத் துடிக்க வைத்தார். “மாபெரும் கலைஞன்! என் வலது கையே போச்சு!”

வாசலில் பை விழுந்து தக்காளி உருண்டது. கடைக்குப் போயிருந்த மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஐயோ, அண்ணன் போயிட்டாரா? எப்போ?” அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

“ஏய், நிறுத்து! நல்ல டேக்கைக் கெடுத்துட்டியே. அவன் இன்னும் போகல. டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்களாம். போன உடனே போடறதுக்கு, சேனல்ல முன்கூட்டியே எடுத்து வச்சுக்கிறாங்க. அவ்வளவுதான்.”

மனைவியின் அழுகை நின்றது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“உயிரோட இருக்கிற மனுஷனுக்கா இந்த ஒப்பாரி? ஆஸ்பத்திரி அடுத்த தெருவுலதானே இருக்கு. ஒரு எட்டு போய்ப் பார்த்தீங்களா?”

“அங்க ஒரே மருந்து வாடை. எனக்கு ஒத்துக்காது.”

அவள் பதில் சொல்வதற்குள் ஃபோன் அடித்தது. எடுத்தவள் முகம் மலர்ந்தது. சட்டென்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“பொழைச்சுட்டேம்மா” என்றது உருண்டையின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டே. “இப்பத்தான் வார்டுக்கு மாத்தினாங்க. எங்க அவன்?”

“இங்கதான் இருக்கார் அண்ணா. டிவிக்காரங்களைக் கூட்டி வச்சு, நீங்க செத்துட்டீங்கன்னு அழுதுகிட்டு இருக்கார்.”

நெட்டைக்கு முகம் வெளிறிவிட்டது. நிருபர் ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உருண்டை இருமி இருமிச் சிரித்தார்.

“அழட்டும்மா. போன மாசமே அவன் செத்துட்டான்னு நான் அவங்க கேமரா முன்னால அழுது கொடுத்துட்டேன்!”