அறுபது நாள் வீடியோ

விசில் ஊதியதும் நவ்யா கயிற்றைச் சுழற்றினாள்.

பதினோராவது குதியில் அது அவள் காலில் சிக்கிக்கொண்டது.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற கீதா மகளையே பார்த்தாள். நவ்யாவுக்கு மூச்சு இரைத்தது. இரண்டு வருடத்தில் ஏறிய சதை, மஞ்சள் டீ-ஷர்ட்டுக்குள் அடங்காமல் திணறியது.

"பயத்துல சிக்கிருச்சுங்க. ஊரடங்குல அறுபது நாளும் நிக்காம இருநூறு குதிச்ச புள்ளையாச்சே!" என்றார் பி.டி. மாஸ்டர் அரங்கசாமி. "எங்க அம்மணி, இன்னொருவாட்டி."

மாவட்டப் போட்டிக்குப் போக ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் இடம். ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டில் கயிறு குதித்து அனுப்பிய வீடியோக்களுக்குப் போட்ட மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் எழுதியிருந்தார். முதல் பெயர் நவ்யா.

மறுபடியும் விசில்.

இந்த முறை ஒன்பது.

நவ்யா கயிற்றைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

கீதா தலையைக் குனிந்துகொண்டாள். ஊரடங்கின்போது குதிக்கச் சொல்லி மகளிடம் எவ்வளவோ கெஞ்சினாள், அதட்டினாள். அப்பாவின் போனைப் பிடுங்கினால் நவ்யா சாப்பிட மாட்டாள். கட்டிலை விட்டு இறங்கவும் மாட்டாள். வகுப்பு குரூப்பிலோ மற்ற அம்மாக்கள் சாயங்காலம் ஆனால் வீடியோவாக அனுப்பித் தள்ளினார்கள். என் பிள்ளை மட்டும் இளப்பமா என்று கீதாவும் தன் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

மாஸ்க் போட்டுக் குதித்தாலும் சரிதான் என்று பள்ளியிலேயே சொல்லியிருந்தார்கள்.

வீடியோவே அனுப்பாத பிள்ளைகள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, பக்கத்துப் போர்ஷன் ரசாக் பாயின் மகள் இல்மா. நவ்யாவின் வகுப்புத்தான். அவர்கள் வீட்டில் இருப்பது பட்டன் போன். நவ்யாவின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அவள் குதிக்கக் குதிக்க வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது விசிலுக்கு நவ்யா கயிற்றையே எடுக்கவில்லை. அழுதுகொண்டே போய் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் பட்டியலில் அடுத்த பெயரைத் தேடினார்.

இல்மா எழுந்து கீதாவிடம் வந்தாள். பாட்டிலை நீட்டினாள். அவளும் மஞ்சள் டீ-ஷர்ட்தான் போட்டிருந்தாள். உயரம்கூட நவ்யாவின் உயரம்தான்.

"ஏனுங்க ஆன்ட்டி, மாடியில நான் குதிக்கறதை எல்லா நாளும் சாருக்கு அனுப்பறேன்னு சொன்னீங்கள்ல?" என்றாள் மெதுவாக. "அப்புறம் ஏனுங்க லிஸ்ட்டுல என்ற பேரு இல்ல?"

ஒரே ஒரு நாளாவது அந்தப் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கலாம்.

தாடைக்கு இறங்கியிருந்த மாஸ்க்கைக் கீதா கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.